மூன்று வாரமாகியும் கையைக் கண்டாலே சீறும் காக்டெயில், என்ன செய்வது?

மாடிவீடு (தாம்பரம்):

எல்லோருக்கும் வணக்கம். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு காக்டெயில் (கொண்டை வைத்த சின்னக் கிளி வகை) வாங்கி மூன்று வாரம் ஆகிறது. சாம்பல் நிறம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, முகம் இன்னும் மஞ்சளாகவில்லை. ஐந்து மாதக் குஞ்சு, நன்றாகப் பழகிய பறவை, இரண்டே நாளில் தோளில் உட்காரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கடைக்காரர் பெரிய கூண்டுக்குள் கையை விட்டார். உள்ளே இருந்த அத்தனை பறவையும் கம்பியில் மோதிப் பறக்க, இதை மட்டும் பிடித்து இழுத்து, இரண்டு பக்கச் சிறகையும் கத்தரிக்கோலால் வெட்டி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார். அப்போதே எனக்கு மனசு சரியில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து கை கூண்டுப் பக்கம் போனாலே கொண்டையைத் தலையோடு ஒட்ட வைத்துக்கொண்டு, பாம்பு மாதிரி ‘ஸ்ஸ்’ என்று சீறி முன்னும் பின்னும் ஆடுகிறது. முதல் வாரமே மகளின் விரலைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. “அதுக்கு என்னைப் பிடிக்கலைப்பா” என்று சொல்லிவிட்டு இப்போது அந்த அறைக்கே போக மாட்டேன் என்கிறாள். துண்டில் சுற்றி, அடங்கும் வரை கையிலேயே வைத்திருந்தால் பயம் தெளிந்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இரண்டு தடவை செய்து பார்த்தேன். அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடவென்று அடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது, எனக்கே தாங்காமல் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நான் வாசல் பக்கம் வந்தாலே கூண்டின் கடைசி மூலைக்குப் போய்விடுகிறது.

போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்குக் கூண்டுக்குள் ஒரே படபடப்பு. காலையில் பார்த்தால் தட்டில் நாலைந்து சொட்டு ரத்தம். கலவை விதைதான் போடுகிறேன், அதில் சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்கித் தின்கிறது. இன்னொன்று வாங்கி ஜோடி சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. அப்படிச் செய்யலாமா, இல்லை தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துவிடுவதுதான் அதற்கு நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொண்டைக்காரி (கோவை):

தம்பி, யாரிடமும் கொடுக்க வேண்டாம். என்னிடம் ஒன்பது வருஷமாக ஒரு காக்டெயில் இருக்கிறது. அதுவும் முதல் இரண்டு மாதம் இதே மாதிரி சீறிக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்கு நான் காபி குடிக்க உட்கார்ந்தால் தோளுக்கு வந்துவிடும்.

துண்டில் சுற்றுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பறவை அடங்கியது போலத் தெரிவது பயம் தெளிந்ததால் இல்லை, தப்பிக்க வழியில்லை என்று கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட வெளிகளில் கூட்டமாகத் தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்குகிற ஜாதி இது. அதைப் பிடிக்க வருகிற பருந்தும் வல்லூறும் மேலிருந்துதான் வரும். மேலிருந்து இறங்கும் உங்கள் கையும் அதற்குப் பருந்துதான். அதோடு கடையில் சிறகையும் வெட்டிவிட்டார்கள். பறந்து தப்பிக்கிற ஒரே வழியும் போனதால்தான் சீறுகிறது. மகளிடம் சொல்லுங்கள், அதற்கு அவளைப் பிடிக்காமல் இல்லை, பயத்தில்தான் கடித்தது.

கூண்டை உங்கள் நெஞ்சு உயரத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி வையுங்கள். நாலு பக்கமும் திறந்த இடத்தில் வைத்தால் எந்தப் பக்கத்திலிருந்து என்ன வருமோ என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு பத்து நாள் அதைத் தொட முயற்சியே வேண்டாம். தண்ணீரும் தீனியும் மாற்ற மட்டும் மெதுவாகக் கையை உள்ளே விடுங்கள், அப்போதும் “தண்ணி வைக்கிறேன்” என்று ஏதாவது பேசிக்கொண்டே. மகளைக் கூண்டிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பறவையை உற்றுப் பார்க்க வேண்டாம். இரண்டு கண்ணும் நேராகத் தன்னையே பார்த்தால் வேட்டைக்கு வந்த மிருகம் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். தினமும் ஒரே நேரம், இருபது நிமிஷம் போதும். நாள் போகப் போக நாற்காலியை அரை அடி, ஒரு அடி என்று கிட்டே நகர்த்தலாம்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்பதைக் கொண்டையே சொல்லிவிடும். நட்டுக்குத்தாக நின்றால் எதற்கோ திடுக்கிட்டிருக்கிறது. தலையோடு ஒட்டிக் கிடந்து சீறினால் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு அடி பின்னால் வாருங்கள். நுனி மட்டும் லேசாகத் தூக்கி, கொண்டை சாய்வாக இருந்தால் நிம்மதியாக இருக்கிறது. ஒற்றைக்காலில் நின்று, கன்னத்து இறகு அலகை மூட, மெல்ல ‘கரக் கரக்’ என்று அலகை அரைத்தால் உங்கள் முன்னாலேயே தூங்கத் தயாராகிவிட்டது. முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது நான் அசையாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தினைக்கதிர். தினைப்புனத்தில் பரண் கட்டி நின்று கிளி ஓட்டினார்கள் என்று படித்திருக்கிறோம் இல்லையா, அதே தினைதான், இந்த ஆஸ்திரேலியக்காரருக்கும் உயிர். கதிரைக் கூண்டில் தொங்கவிடாதீர்கள், உங்கள் கையிலிருந்து மட்டுமே கிடைக்கட்டும். முதலில் ஒரு முழக் கதிரின் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியைக் கம்பி வழியாக நீட்டுங்கள். என்னுடையது நாலு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டி ஒரு மணி எடுத்துக்கொண்டு உடனே பின்னால் போய்விட்டது. வாரம் செல்லச் செல்லக் கதிரை உடைத்துச் சின்னதாக்கினால் அலகு விரலுக்குப் பக்கத்தில் வரும். கதவைத் திறந்து, கதிருக்கும் அதற்கும் நடுவில் விரலைக் குறுக்கே வைத்தால் ஒரு நாள் விரல் மேல் ஒரு கால் வைக்கும். ஒரு காலோடு விட்டுவிடுங்கள், அன்றைக்கு அது போதும்.

தொட ஆரம்பித்த பிறகும் தலை, கன்னம், கழுத்து மட்டும்தான். இறகு வளர்ந்திருக்கும் திசைக்கு எதிராக மெல்லக் கோதிவிட வேண்டும், தானே தலையைக் குனிந்து காட்டும். முதுகையும் சிறகுக்கு அடியிலும் தடவக்கூடாது, அதை இணை சேருவதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளும், பெண் பறவையாக இருந்தால் முட்டை மேல் முட்டையாக வைத்து உடம்பு கெட்டுப்போகும்.

இன்னொரு விஷயம். நீங்கள் அறையை விட்டுப் போனதும் உள்ளே இருந்து ஒரு கூப்பிடு சத்தம் கேட்டால் பதிலுக்கு ஒரு விசில் கொடுங்கள். கூட்டத்தில் ஒன்றை ஒன்று எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொள்கிற பழக்கம் அது. பதில் வந்துவிட்டால் அமைதியாகிவிடும்.

ரெண்டாம் தளம் (சென்னை):

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் அந்த ரத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

காக்டெயில்களுக்கு இருட்டில் திடீர் பயம் வருவது வழக்கம். பல்லியோ கரப்பானோ கூண்டு மேல் ஓடினாலும், வண்டி வெளிச்சம் சன்னலில் அடித்தாலும் எழுந்து கண்மண் தெரியாமல் கம்பியில் மோதும். புதிதாக முளைக்கிற இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும், அது முறிந்தால் சொட்டும். அறையில் ஒரு சின்ன இரவு விளக்கு போடுங்கள், கூண்டைத் துணியால் மூடினால் ஒரு பக்கம் மட்டும் திறந்து வையுங்கள், பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் கிடைக்கட்டும். தீபாவளி வாரத்தில் உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள். மறுபடி ரத்தம் வந்தால் கொஞ்சம் சோள மாவை வைத்து மெல்ல அழுத்திப் பிடியுங்கள், நிற்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டுகிற தூரம்தான். ஒரு தடவை கொண்டுபோய்ச் சிறகையும் காட்டிவிட்டு வாருங்கள்.

கூண்டு எந்த அறையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சமையலறைக்குப் பக்கம் என்றால் இன்றே மாற்றுங்கள். என் முதல் பறவை நான்ஸ்டிக் தோசைக்கல்லால் போனது. அடுப்பில் வெறும் கல்லை வைத்துவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போனேன். கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் அந்தப் பூச்சிலிருந்து ஒரு வாயு வரும், நமக்கு வாசனைகூடத் தெரியாது, பறவையின் நுரையீரல் தாங்காது. நான் திரும்பி வந்தபோது கூண்டின் தரையில் கிடந்தது, கையில் எடுத்த சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அன்றைக்கு இரும்புக் கல்லுக்கு மாறியவள்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், ரூம் ஸ்பிரே எதுவும் அந்த அறையில் வேண்டாம். வெளியே விடும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, சன்னலைச் சாத்திவிட்டுத்தான் கூண்டைத் திறக்க வேண்டும், இதை வீட்டில் ஒவ்வொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

சேலத்துக் கூண்டு:

பதினைந்து வருஷமாகக் காக்டெயில் வளர்த்துக் குஞ்சு எடுக்கிறேன். அம்மா சொல்வதில் பாதி நியாயம் உண்டு சார், இது கூட்டத்துப் பறவை, பகல் முழுக்கத் தனியாகக் கிடந்தால் ஏங்கிப்போகும். ஆனால் பயந்த பறவையோடு இன்னொரு பயந்த பறவையைச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து உங்களைக் கண்டு சீறும். முதலில் இதைப் பழக்குங்கள். வீட்டில் பகலில் ஆள் இருந்தால் ஒன்றே போதும், எல்லோரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம், அப்போதும் புதிதை ஒரு மாதமாவது தனி அறையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கடையில் மாற்றித் தருகிறேன் என்று பச்சைக்கிளியை நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வெட்டிய சிறகைப் பற்றிக் கவலை வேண்டாம். அடுத்த இறகு உதிர்ப்பில் வெட்டுப்பட்ட தண்டு விழுந்து புதுசு முளைக்கும், சில மாதம் ஆகும். அதுவரை கூண்டுத் தரையில் மெத்தென்று ஏதாவது போடுங்கள், தடுமாறி விழுந்தால் அடிபடாது.

சூரியகாந்தி முழுக்கக் கொழுப்பு. தினமும் அதையே தின்றால் ஈரல் கெடும். அதை விதைக் கலவையிலிருந்து எடுத்துவிட்டு, ஏதாவது நன்றாகச் செய்தால் மட்டும் கையில் ஒன்று இரண்டு கொடுங்கள். தினை, கம்பு, சாமை நல்லதுதான், ஆனால் எந்த விதையிலும் வைட்டமின் ஏ போதாது. முருங்கைக்கீரையை ஒரு கொத்தாகக் கழுவி, ஈரத்தோடு கூண்டில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். என் பறவைகள் முதலில் அந்த ஈரத்தில் தலையைத் தேய்த்துக் குளிக்கும், அப்புறம் இலையைக் கிள்ளும், மூன்றாம் நாள் காம்பு மட்டும்தான் மிஞ்சும். கேரட் துருவல், வேகவைத்த சர்க்கரைவள்ளி, கொத்தமல்லி எல்லாம் கொடுக்கலாம். பெல்லட்டுக்கு (கடையில் கிடைக்கும் குருணை மாதிரியான தயார் தீனி) மாற்றினால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான், பட்டினி போட்டு மாற்றக்கூடாது. கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கூண்டில் இருக்கட்டும். அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட மிக்சர் எதுவும் ஆகாது.

ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு வாங்கி, வாரம் ஒரு தடவை ஒரே நேரத்தில் எடை எழுதி வையுங்கள். கையில் ஏறும் வரைக்கும் தராசு மேல் தினைக்கதிரை வைத்தால் தானே ஏறி நிற்கும். வளர்ந்த பறவை 80 முதல் 120 கிராம் இருக்கும். நோய் வந்தாலும் இது வெளியே காட்டாது, சோர்ந்து உட்காரும்போது நிலைமை முற்றியிருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து இருபது வருஷம் இருக்கும் சார், மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் இருக்கும், இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

மாடிவீடு (தாம்பரம்):

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கூண்டு சமையலறைக்கு அடுத்த ஹாலில்தான் இருந்தது. அன்றைக்கே மகள் அறைக்கு மாற்றினோம். அம்மா தன் நான்ஸ்டிக் கல்லைத் தானே எடுத்துப் பரணில் போட்டுவிட்டார், சாம்பிராணியும் இப்போது மொட்டைமாடியில்தான். இரவு விளக்கு போட்ட பிறகு ஒரே ஒரு நாள்தான் படபடப்பு வந்தது, ரத்தம் இல்லை. டாக்டரும் சிறகைப் பார்த்துவிட்டுத் தானே வளர்ந்துவிடும் என்றார்.

மகள் தினமும் ஆறரை மணிக்குச் சமூக அறிவியலைச் சத்தமாகப் படித்தாள். தினைக்கதிரில் முதல் மணியை எடுக்கப் பதினொரு நாள் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் விரல் மேல் இரண்டு காலும் வைத்து நின்றது. அவள் மூச்சுகூட விடவில்லை. நகம் குத்துகிறதா என்று கேட்டேன், சூடா இருக்குப்பா என்றாள். நேற்று எடை 91 கிராம். கன்னத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மஞ்சள் இறகு முளைத்திருக்கிறது, அப்படியென்றால் ஆணா?

சேலத்துக் கூண்டு:

ஆணாகத்தான் இருக்க வேண்டும் சார். சாம்பல் நிறத்தில் குஞ்சாக இருக்கும்போது எல்லாமே பெண் மாதிரிதான் தெரியும், முதல் இறகு உதிர்ப்பில்தான் ஆணுக்கு முகம் மஞ்சளாகும். வால் அடியில் இருக்கும் மஞ்சள் வரிகளையும் பாருங்கள், போகப் போக அதெல்லாம் மறைந்தால் சந்தேகமே இல்லை. விசில் அடிக்கிறதா?

மாடிவீடு (தாம்பரம்):

காலையில் மகள் பள்ளிக்குப் படி இறங்கும்போது அடிக்கிறது. அவள் கீழே கேட்டில் நின்று பதில் விசில் கொடுத்துவிட்டுத்தான் வேனில் ஏறுகிறாள், வேன்காரர் இப்போதெல்லாம் ஹாரன் அடிக்காமல் காத்திருக்கிறார்.