ஊசல் செய்முறை: ஜி (புவியீர்ப்பு ஆர்முடுகல்) 10.8 வருகிறது, எங்கே பிழை?

உயர்தரக்காரி, கொக்குவில்:
எளிய ஊசலோடு நான்கு நாளாக மண்டையை உடைக்கிறேன். குண்டின் மையம் வரை நீளம் 50.0 சதமமீற்றர். 20 அலைவுக்கு 26.9, 27.0, 27.1 செக்கன். கணக்குப் போட்டால் ஜி 10.83. 9.81 அல்லவா வரவேண்டும்? மூன்று வாசிப்பும் இவ்வளவு கிட்டக் கிட்ட நிற்கும்போது எப்படிப் பிழைக்கும்? திங்கட்கிழமை கொப்பி காட்ட வேண்டும். யாராவது உதவுங்கள்.

வடமராட்சியான்:
மின்விசிறி ஓடியிருக்கும். இல்லாவிட்டால் கடிகாரத்தை அமுக்கப் பிந்தியிருப்பீர்.

உயர்தரக்காரி:
கரண்ட் இல்லாத நேரம் செய்தது அண்ணா.

பழைய ஆய்வுகூடம்:
கை பிந்தினால் தொடக்கத்திலும் பிந்தும், முடிவிலும் பிந்தும், பெரும்பகுதி கழிந்துவிடும். 50 சதமமீற்றருக்கு 28.4 செக்கன் வரவேண்டும், உமக்கு 1.4 குறைகிறது. அது கைப்பிழை அல்ல. குண்டின் ஆரையைச் சேர்க்க மறந்தால் ஜி குறையும், கூடாது. நீளத்துக்கு எதிரே அலைவுகாலத்தின் வர்க்கம் குறித்த வரைபு இருக்கிறதா? கோடு உற்பத்தியூடாக, அதாவது இரண்டு அச்சும் வெட்டும் பூச்சியப் புள்ளியூடாகப் போகிறதா?

உயர்தரக்காரி:
இருக்கிறது சேர், ஐந்து நீளம். உற்பத்தியூடாகத்தான் போகிறது. ஆனால் படித்திறனில் (கோட்டின் சாய்வில்) இருந்து எடுத்தாலும் அதே 10.8.

பழைய ஆய்வுகூடம்:
அப்போ நீளம் சரி. எல்லா நீளத்திலும் ஒரே அளவு பிழை இருந்தால் கோடு அப்படியே நகர்ந்து, உற்பத்தியை விட்டு அச்சை வேறிடத்தில் வெட்டும், அதாவது வெட்டுத்துண்டு வரும், படித்திறன் மாறாது. உமக்கு நேர்மாறு. எல்லா நேரமும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கிறது. அந்த 1.4 செக்கனைப் பாரும், அது ஓர் அலைவின் காலம். கடிகாரத்தை அமுக்கும்போது வாயில் என்ன எண்?

உயர்தரக்காரி:
ஒன்று.

பழைய ஆய்வுகூடம்:
பிடிபட்டது! ஒன்றில் தொடங்கி இருபதில் நிறுத்தினால் நீர் எடுத்தது 19 அலைவு. இந்த வழுவை நூறு தரம் சராசரி எடுத்தாலும் போக்க முடியாது; மூன்று வாசிப்பும் ஒரே மாதிரிப் பிழைத்ததால்தான் கிட்டக் கிட்ட நின்றன. இனி "மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம்" என்று எண்ணி, பூச்சியத்தில் அமுக்கும். நூல் ஓய்வில் நிற்கும் இடத்துக்கு நேரே ஒரு குண்டூசியை நிறுத்தி, அதைத் தாண்டும் கணத்தில் எண்ணும். குண்டு அங்கேதான் அதிக வேகத்தில் போகும், கணம் தெளிவாகத் தெரியும். விளிம்பில் அது தயங்கி நிற்கும், நீரும் தயங்குவீர்.

உயர்தரக்காரி:
28.3, 28.4, 28.5! ஜி 9.789. ஆனால் 9.81 இல்லையே?

பழைய ஆய்வுகூடம்:
9.81 இலண்டன் பக்கத்துப் பெறுமானம். யாழ்ப்பாணம் மத்திய கோட்டுக்குக் கிட்ட, இங்கே 9.78. நேரத்தில் 0.1 செக்கன் ஐயம் என்றால் 0.35 சதவீதம், காலம் வர்க்கமாக வருவதால் இரட்டித்து 0.7. நீளத்தில் ஒரு மில்லிமீற்றர், 0.2. கூட்டினால் 0.9 சதவீதம். எனவே 9.79 ± 0.09 என்று எழுதும். கடிகாரம் நூறிலொரு செக்கன் காட்டினாலும் உமது விரல் காட்டாது, மூன்றாம் தசமதானம் வேண்டாம்.

உயர்தரக்காரி:
பழைய வாசிப்புகளை அழிக்கவா சேர்?

பழைய ஆய்வுகூடம்:
ஏன் அழிக்க? பக்கத்தில் "19 அலைவு" என்று எழுதும். 27.0 ஐ 19 ஆல் வகுத்துப் பாரும், 1.42 வரும்.