புதுப்பிப்பு: வேலைக்கு இடைவெளி விட்டு எங்கே போவது என்று கேட்டிருந்தேனே

ஆறு மாதம் வேலையிலிருந்து விலகி நிற்கிறேன், வியட்நாமா இமாச்சலா என்று செப்டம்பரில் கேட்டிருந்தேன். பெரும்பாலோர் வியட்நாம் என்றீர்கள். சரி, போகிறேன், ஆனால் பிப்ரவரியில். அக்டோபர், நவம்பரில் மத்திய வியட்நாமின் ஹுவே, ஹோய் ஆன் பக்கம் மழை கொட்டும் என்று எச்சரித்தவருக்கு மனமார்ந்த நன்றி.

அதுவரை வீட்டில் உட்கார மனம் வரவில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. இங்கேயே பிறந்து வளர்ந்தும் அங்கே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. டிசம்பர் முழுக்க அறை எடுத்துத் தங்கினேன். காபிப் பழம் பறிக்கும் காலம். தோட்டத்தில் ஓர் அம்மா என் இடுப்பில் பையைக் கட்டிவிட்டு, "பச்சைய விட்டுடு கண்ணு, செவந்தத மட்டும் கிள்ளு" என்றார். பழத்தைப் பிதுக்கினால் வழவழவென்று இரண்டு கொட்டை. சப்பினால் லேசான இனிப்பு. மாலைக்குள் விரலெல்லாம் பிசுபிசுப்பு. அப்புறம் வந்த தூக்கம் இருக்கிறதே, பத்து வருடமாக நான் தூங்காத தூக்கம்.

ஏற்காட்டில் விளைவது அரபிகா வகைக் காபி, வியட்நாமில் பெரும்பாலும் ரோபஸ்டா வகை. அதையும் பார்த்துவிடலாமென்று கடற்கரை நாட்களைக் குறைத்து, காபி விளையும் புவோன் மா துவோட்டைத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். டிக்கெட்டும் போட்டாயிற்று.