பிக்சல் கிளாக்: 'கடிகாரம்' வேண்டாம், 'புள்ளித்துடிப்பு' என்போம்

தண்டையார்பேட்டைத் தம்பிக்கு,

பிக்சல் கிளாக் என்பதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த 'படப்புள்ளிக் கடிகாரம்' எனக்கு ஒப்பவில்லை. கடிகாரம் என்றதுமே கடைக்கு வருபவரின் கண் திரை மூலையில் மணியைத் தேடும். திரைக்கு நொடிக்கு எத்தனை புள்ளி போகிறது என்பதுதான் இங்கே கணக்கு. 'புள்ளித்துடிப்பு' அதைச் சரியாகச் சொல்லும். திரையை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் 'மிகைத்துடிப்பு' ஆகட்டும்.

2560×1440 திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓரமும் சேர்ந்து 2720×1481 ஆகிறது. கொருக்குப்பேட்டை யார்டில் காலி வேகனும் ரயிலின் நீளத்தில் சேருகிறதே, அதுபோலத்தான். 60 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 60 படத்துக்கு, புள்ளித்துடிப்பு 241.7 மெகாஹெர்ட்ஸ். 81க்கு 326.3, 82க்கு 330.3. டூயல் லிங்க் டிவிஐ என்னும் மானிட்டர் இணைப்புக்கு, ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டை ஓட்டும் விண்டோஸ் மென்பொருளான இயக்கி போட்டிருந்த வேலி 330. அதனால் 82 என்று எழுதிச் சேமித்தாலும் அந்த மோட் (திரை அளவும் ஹெர்ட்ஸும் சேர்ந்த அமைப்பு) பட்டியலில் வராது, பிழைச்செய்தியும் வராது. வாடிக்கையாளர்கள் நல்ல மானிட்டரைப் பழுது என்று திருப்பிக் கொண்டுவருவது இதனால்தான்.

ஆகவே 'வரம்பு' என்று மொட்டையாக எழுதக் கூடாது. பட்டியலில் மோடே இல்லையென்றால் இயக்கி வரம்பு. படத்தில் மினுக்குப் புள்ளி சிதறினால் கம்பி வரம்பு. குட்டையான, தடித்த கேபிள் மாற்றிப் பாருங்கள். திரை கருத்துப்போனால் பெரும்பாலும் பலகை வரம்பு, அதாவது மானிட்டருக்குள் இருக்கும் மின்பலகையின் வரம்பு. விண்டோஸை அடிப்படை வசதிகளோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து, நீங்கள் சேர்த்த தனி மோட்களை அழித்துவிடுங்கள். இயக்கி வரம்பை நீக்கும் பேட்ச் என்ற சிறு நிரல், இயக்கியின் கோப்பையே திருத்துகிறது. இயக்கியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதை மறுபடி ஓட்ட வேண்டும்.

---

அண்ணா,

புள்ளித்துடிப்பு அருமை, ஏற்கிறேன். 'மிகைத்துடிப்பு' மட்டும் இதய நோய்போல் ஒலிக்கிறது, வினையாகவும் வளையவில்லை. 'துடிப்பேற்றம்' என்றால் துடிப்பேற்றினேன், துடிப்பேற்றிய திரை, துடிப்பேற்றாதே என எல்லாம் தானாக வருகிறது.

மானிட்டர் சில படங்களைக் காட்டாமல் விடும் ஃபிரேம் ஸ்கிப்புக்கும் ஒரு சொல் இப்போதே வேண்டும். 96 ஹெர்ட்ஸ் என்று மானிட்டர் மெனு காட்டும். உள்ளே பலகை நடுநடுவே ஒரு படத்தை விழுங்கிக்கொண்டிருக்கும். கட்டம் கட்டமாக நகரும் சோதனைப் பக்கத்தை ஓடவிட்டு, போன் கேமராவில் ஷட்டரை 1/10 நொடிக்கு வைத்து எடுங்கள். ஒளிர்ந்த கட்டங்கள் ஒன்பது பத்து விடாமல் வரிசையாக நின்றால் சரி. நடுவில் ஒன்று இருண்டிருந்தால் 5 ஹெர்ட்ஸ் இறக்கி மறுபடி எடுக்க வேண்டும். 'சட்டம் தவறல்' என்றால் நீதிமன்றப் பொருள் முந்திக்கொள்ளும். 'படத்தாவல்' எப்படி?

---

தம்பி, துடிப்பேற்றம் சரி, என்னுடையதை விட்டுவிடுகிறேன். ஆனால் தாவல் வேண்டாம். பிரௌசரில் 'டேப்' என்பதற்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. 'படவிடுபாடு' என்று எழுதுங்கள்.