ஓய்வுபெற்ற டிராம்களை வாங்கியோரும் வாங்க முயன்றோரும்: அனுபவப் பகிர்வு

வழிப்பலகை எழுதியது:

ஏலத்துக்கு முந்தைய பார்வை நாள் எப்படியிருக்கும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் குறிவைத்திருந்த வண்டிக்குள் எனக்கு முன்பே ஒருவர் இருந்தார். பழைய இரும்பு வியாபாரி. சின்னச் சுத்தியலால் மோட்டார் உறைகளைத் தட்டிப் பார்த்து, செம்பு எவ்வளவு தேறும், சக்கர எஃகு எவ்வளவு, சன்னல் சட்டங்களின் அலுமினியம் எவ்வளவு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பின்வாசல் படிக்கட்டின் அடித்தகடு முழுவதும் ஒட்டுப்போட்டது என்பதையும், ஒரு சக்கரம் தேய்மான வரம்பை எட்டிவிட்டது என்பதையும் எனக்குச் சொன்னவர் அவர்தான். அன்று வந்திருந்த ஆர்வலர்கள் அனைவரும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருவரும் குனிந்து அடியில் பார்க்கவில்லை.

ஏலம் அவருக்கே போனது. வழித்தடப் பெயர்கள் அச்சிட்ட துணிச்சுருளை மட்டுமாவது தாருங்கள், துணியின் மதிப்பைவிட அதிகமாகவே தருகிறேன் என்று கேட்டேன். அவர் சற்றும் கோபப்படாமல் சொன்ன பதில் இது: “வண்டியில் இருந்ததெல்லாம் வண்டியோடு போகும். உங்களுக்குத் துணியைக் கொடுத்தால் அடுத்தவர் மணியைக் கேட்பார், அதற்கடுத்தவர் கைப்பிடியைக் கேட்பார். பிறகு நான் உடைப்பது டிராமாக இருக்காது, மிச்சமாக இருக்கும்.” அந்தப் பதிலுக்கு மறுப்பு எதுவும் எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. ஆனால் அது சரியென்று ஏற்கவும் மனம் வரவில்லை.

மரச்சட்டம் எழுதியது:

வழிப்பலகை நண்பர் அந்த வியாபாரியிடம் தத்துவத்தைக் கண்டிருக்கிறார். எனக்குத் தெரிவதோ வெறும் பிடிவாதம். பழைய மர வண்டிகளில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் பலவும் வேறு வண்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகளால்தான் ஓடுகின்றன. அந்தக் காலத்தில் நிறுவனங்கள் மோட்டாரையும் சக்கரங்களையும் எடைக்குப் போட்டுவிட்டு, வெறும் கூட்டை மட்டும் கோடைக் குடிலாகவோ கோழிக்கூடாகவோ வைத்துக்கொள்ளும்படி விற்றன. அப்படிப்பட்ட கூட்டை மீட்டெடுக்கிறவர்களுக்கு ஒரு மணியும் ஒரு கைப்பிடியும் எவ்வளவு அரிதானவை என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் பார்த்ததும் அத்தகைய கூடு ஒன்றைத்தான். அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே தகரக் கூரை போட்டு வீடாகப் பயன்படுத்தியிருந்தார்கள். கூரைக்குள் கூரையாக இருந்ததால் மரம் ஆச்சரியப்படும்படி நன்றாகவே இருந்தது. கிரேன்காரரை வீட்டுக்காரரே ஏற்பாடு செய்திருந்தார். டிராமின் கூடு, இரு முனைகளுக்கும் சற்று உள்ளே, சக்கரத் தொகுதிகள் அமரும் குறுக்கு விட்டங்களின் மேல் எடையைத் தாங்கும்படி கட்டப்பட்டது. தூக்குவதானால் அந்த இரண்டு இடங்களில்தான் தாங்கித் தூக்க வேண்டும். அவரோ நடுப்பகுதியில் பட்டைகளை நெருக்கமாகப் போட்டுவிட்டார். நாங்கள் கத்திக்கொண்டே ஓடுவதற்குள் கூடு ஓரடி எழும்பியது, இரு முனைகளும் தொங்கின, அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்த கண்ணாடிகள் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டே போயின. வண்டியை இறக்கிவிட்டு அவர் கீழே வந்து, அதன் நீளம் முழுவதும் மெதுவாக நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வீட்டைத் தூக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். இது வண்டி என்று யாருமே சொல்லவில்லையே.”

தடஅகலம் எழுதியது:

என் அனுபவம் சிறியது. கனடாவின் டொராண்டோவில் சி.எல்.ஆர்.வி. (கனேடிய இலகு ரயில் வண்டி) வகை டிராம்கள் 2019 டிசம்பர் 29 அன்று கடைசியாக ஓடிய பிறகு, அவற்றில் சில அருங்காட்சியகங்களுக்கும் தனியாருக்கும் போயின. அப்படி ஒன்றைப் பெறும் நிலையில் இருந்த ஒருவர், எங்கள் பக்கத்தடத்தில் அதை நிறுத்த முடியுமா என்று கேட்டு வந்தார். டொராண்டோவின் தட அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான தூரம், 1495 மில்லிமீட்டர். எங்களுடையது பெரும்பாலான நகரங்களைப் போல 1435. வித்தியாசம் வெறும் 60 மில்லிமீட்டர்தானே என்று தண்டவாளத்தின் மேல் மூன்று விரல்களை வைத்து அளந்து பார்த்துவிட்டு, “கொஞ்சம் நெருக்கிப் பிடித்தால் உட்காராதா?” என்று அவர் கேட்ட கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி வேறு உருவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வாங்குவதற்கு முன் தட அகலத்தைக் கேளுங்கள். ஒன்ராறியோவின் ஹால்டன் கவுண்டி ரேடியல் ரயில்வே அருங்காட்சியகம் தன் தடத்தையே டொராண்டோ அகலத்தில் போட்டது. அமெரிக்காவின் கெனோஷா நகரமோ டொராண்டோவிலிருந்து வந்த பி.சி.சி. வண்டிகளின் (1930களில் அமெரிக்காவில் உருவான பொது வடிவமைப்பு டிராம்கள்) சக்கரங்களை 1435க்கு மாற்றிக்கொண்டது. இரண்டும் செய்யக்கூடியவையே, இரண்டும் இலவசமல்ல. அடுத்தது, சக்கரம் என்றால் அனைத்தும் ஒன்றல்ல. பி.சி.சி. வண்டிகளின் சக்கரங்களில் ஓசையைக் குறைப்பதற்காக எஃகுக்கு இடையே ரப்பர் வைத்திருப்பார்கள். வண்டி பல ஆண்டுகள் ஓடாமல் நின்றால் இரும்பைவிட அந்த ரப்பர்தான் முதலில் கெடுகிறது, அதைப் புதிதாகச் செய்து தருபவர்கள் மிகச் சிலரே. குளிர்நாட்டில் ஓடிய வண்டியென்றால், சாலையில் தூவிய உப்பு படிக்கட்டுக் குழிகளையும் பக்கவாட்டுத் தகடுகளின் அடிவிளிம்பையும் தின்றிருக்கும். பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறது என்பதைப் பார்த்து ஏமாறாமல் ஒரு திருப்புளியை எடுத்துக் குத்திப் பாருங்கள். பழைய பெயிண்டில் ஈயமும், மின்தடைப் பெட்டிகளின் சுற்றுப்புறத்தில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், ஆகவே உரசுவதற்கு முன் சோதித்தறிவது உங்கள் நுரையீரலுக்கு நல்லது. மோட்டார்களின் மின்காப்பை அளந்து பார்க்காமல் 600 வோல்ட்டைக் கொடுக்க நினைக்காதீர்கள். ஈரம் ஏறிய சுருள் முதல் நிமிடத்திலேயே கருகிவிடும், மறுபடி சுற்றித் தரும் செலவில் இன்னொரு வண்டியே வாங்கலாம். தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் போதும் என்பதும் தவறு. காற்றோட்டம் இல்லாத தார்ப்பாய்க்கு அடியில் நீர் கோத்து, திறந்த வெளியில் நின்றதைவிட வேகமாக வண்டி துருப்பிடிக்கும். முதலில் கொட்டகை, பிறகு தடம், பிறகுதான் வண்டி.

வடபாலை எழுதியது:

தடஅகலம் ஐயா எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் “முதலில் கொட்டகை” என்பதை விதியாகச் சொல்லும்போது டெக்சாஸின் எல் பாசோ நகரத்தை எங்கே வைப்பது? 1937இல் சான் டியேகோவுக்காகக் கட்டப்பட்டு, பிறகு எல் பாசோவுக்கு விற்கப்பட்ட பி.சி.சி. வண்டிகள், 1974இல் சேவை நின்றபின் பல பத்தாண்டுகள் பாலைவன வெயிலில் திறந்தவெளியில் நின்றன. வெயில் ரப்பரையும் இருக்கைகளையும் பெயிண்டையும் நாசமாக்கியது உண்மை. ஆனால் காற்றில் ஈரமில்லாததால் உலோக உடல் பிழைத்தது. பென்சில்வேனியாவின் புரூக்வில் தொழிற்சாலையில் புதுப்பிக்கப்பட்ட ஆறு வண்டிகள் 2018 நவம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கின.

அவற்றில் ஒன்றில் சென்றபோது என் பக்கத்தில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். இந்த வண்டிகள் எல்லையைத் தாண்டி மெக்சிகோவின் ஹுவாரெஸ் வரை சென்ற காலத்தில் தினமும் ஏறியவராம். வண்டி கிளம்பியதும் சன்னலைத் திறக்க முயன்றார், அது திறக்கவில்லை, குளிர்சாதனம் பொருத்தியிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் சன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, “நிறத்தை மட்டும் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்” என்றார். அது பாராட்டா, குறையா என்பதை அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை, கேட்கவும் தயக்கமாக இருந்தது. புதுப்பித்தவர்களை நான் குறைசொல்லவில்லை. அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிக்கும் அன்றாடம் பயணிகளை ஏற்றும் வண்டிக்கும் கடமைகள் வேறு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 2013 நவம்பரிலும் 2014 ஏப்ரலிலும் பழைய டிராம்கள் தீப்பிடித்ததால் சேவையே நிறுத்தப்பட்டு, 2018 வரை ஒன்றும் ஓடவில்லை என்பதை மறந்துவிட்டு, “அசல் மின்கம்பிகளையே வைத்திருக்கலாமே” என்று பேசுவது எளிது.

தடஅகலம் எழுதியது:

பாலைவனத்தை வாடகைக்கு எடுக்க முடிந்தவர்களுக்குக் கொட்டகை தேவையில்லைதான்.

மூன்றாம்பிரதி எழுதியது:

வாங்குவதைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். வாங்கியவர் போன பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நான் தொண்டாற்றும் அருங்காட்சியகத்துக்கு ஒரு பெண் வந்தார். தந்தை தனியாளாக வாங்கி, கொட்டகையெல்லாம் முறையாகக் கட்டி, எண்ணெயிட்டுப் பாதுகாத்த டிராம். அவர் இறந்துவிட்டார், நிலம் விற்பனைக்குப் போகிறது, வண்டியை இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்களிடம் அதே வகையில் ஏற்கெனவே இரண்டு இருந்தன, உள்ளே இடமில்லை, வெளியே நிறுத்தினால் அந்த மனிதர் காப்பாற்றியதை நாங்கள் மழையில் கெடுத்தவர்கள் ஆவோம். நிர்வாகக் குழு மறுத்தது. மறுப்பைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அழுவார் என்று நினைத்துத் தயாராகப் போனேன், அவர் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டி, “இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நான் கேட்கவே இல்லை என்று அண்ணன் சொல்லுவான்” என்றார்.

1939இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சில ஆர்வலர்கள் பிடிஃபோர்ட் அண்ட் சாக்கோ நிறுவனத்தின் 31ஆம் எண் திறந்த டிராமை 150 டாலருக்கு வாங்கியதிலிருந்துதான் சீஷோர் அருங்காட்சியகம் பிறந்தது. 1948இல் சவுத்தாம்ப்டனின் 45ஆம் எண் டிராம் பத்துப் பவுண்டுக்கு வாங்கப்பட்டு, இன்று இங்கிலாந்தின் கிரிச் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. இந்த இரண்டையும் புதியவர்கள் மலிவு விலைக்கான உதாரணமாகவே சொல்கிறார்கள். அந்த வண்டிகள் நிலைத்ததற்கு விலை காரணமல்ல, வாங்கியவர்கள் குழுவாக இருந்து, அவர்களுக்குப் பின்னும் பொறுப்பேற்க ஓர் அமைப்பு இருந்ததே காரணம் என்பது என் எண்ணம். தனியாக வாங்குகிறவர்கள், வண்டியைத் தங்களுக்குப் பின் யார் ஏற்பார் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பேசி, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மரச்சட்டம் எழுதியது:

அந்த வண்டி பிறகு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

மூன்றாம்பிரதி எழுதியது:

சக்கரமில்லாத கூடு ஒன்றை வைத்திருக்கும் ஒரு குழு சக்கரத் தொகுதிகளையும் மோட்டார்களையும் வாங்கிக்கொண்டது, ஆகவே உங்கள் கட்சிக்கு இது ஒரு வெற்றி என்றே வைத்துக்கொள்ளலாம். உடல் மட்டும் மரக்கட்டைகளின் மேல் அதே கொட்டகையில் இருக்கிறது. நிலத்தை வாங்கியவருக்கு அதை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. எங்களிடம் ஒருமுறை விசாரித்தார், நாங்கள் அவருக்கும் எழுத்திலேயே பதில் கொடுத்தோம்.