முள்முருக்குப் பொய்மீனில் பூச்சு நிற்கவில்லை: வழி கூறுங்கள்

உறவுகளுக்கு வணக்கம். இரணைமடுக் குளத்தில் விரால் பிடிப்பதற்காக முள்முருக்குக் கட்டையில் விரல் நீளப் பொய்மீன்களை, அதாவது மீன் வடிவத் தூண்டில் இரைகளை, செதுக்கி வருகிறேன். செதுக்குவதில் குறையில்லை, பூச்சில்தான் தோற்றுப்போகிறேன். சாண்ட்பேப்பரால் தேய்த்து, வெள்ளை அண்டர்கோட் இரண்டு தடவை பூசி, பழைய நுளம்புவலைத் துண்டொன்றை மேலே இறுக்கிப் பிடித்து, அதனூடாக எனாமலை விசிறிச் செதில் அடையாளம் எடுத்தேன். (அசல் செதில் போலவே வந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) மறுநாள் பளபளப்பான மேற்பூச்சாகத் தின்னர் கலந்த லக்கரைப் பூசியதும் எனாமல் பாலாடை போலச் சுருங்கிவிட்டது. உள்ளே காயாதிருந்த எனாமலைத் தின்னர் இளக்கியதே காரணம் என்று இப்போது விளங்குகிறது.

லக்கர் பூசாத இரண்டு பொய்மீன்களிலும் தூண்டில் கொளுவும் வளைய ஆணியின் துளையால் நீர் புகுந்து, கட்டை ஊதி, வயிற்றுப் பக்கம் வெடித்தது.

ஆகவே இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எப்பொக்சிக்கு மாற எண்ணுகிறேன். மாரிகால ஈரத்தில் அது மங்காமலும் பிசுபிசுக்காமலும் இறுக எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்? துளைக்குள்ளும் அதையே விட்டு ஆணியை முறுக்கினால் போதுமா, அல்லது அண்டர்கோட்டுக்கு முன்பே கட்டைக்கு வேறு பூச்சு வேண்டுமா? குமிழிகளை அகற்றும் முறையை அறிந்தவர்கள் அதையும் எழுதுங்கள்.