இங்கிலாந்தின் டெர்பிஷையரில் ஊற்றுகளுக்குப் பூப்படம் வைக்கும் வழக்கம் எப்போது, ஏன் தொடங்கியது? அங்கே வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நெல்லிமரம்:

அப்பா 70களில் டெர்பிஷையரில் மருத்துவராக இருந்தார். நாங்கள் குடியிருந்தது செஸ்டர்ஃபீல்டில், முறுக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கும் தேவாலயக் கோபுரத்துக்குப் பேர்போன ஊர். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு பீக் டிஸ்ட்ரிக்ட் மலைக்கிராமங்கள் பக்கம் போய்விடுவார். ஊர் திரும்பி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அப்பாவும் இல்லை, இப்போது மகள் மேற்படிப்புக்கு ஷெஃபீல்ட் போகிறாள். அவளிடம் அந்த ஊர்களைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் பாதி ஞாபகத்துக்கு எனக்கே காரணம் தெரியவில்லை.

முதலில் அந்தப் பூப்படங்கள். ஊற்றுக்கும் குழாய்க்கும் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் பலகை நிறுத்தி, முழுக்கப் பூவிதழ்களாலேயே பைபிள் காட்சி செய்து வைத்திருப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஆகாயம் முழுவதும் நீலப் பூ இதழ், ஆட்டின் மேல் நிஜமான கம்பளி. கோயில் திருவிழா போலக் கூட்டம் வரும், ஆனால் சாமி ஊர்வலம் எதுவும் பார்த்ததாக ஞாபகம் இல்லை. இதை யார் தொடங்கினார்கள், கிணற்றுக்கு ஏன் படம்?

அடுத்தது, பள்ளியில் கூட்டிப்போன ஒரு கிராமத்தில் குழி குழியாக இருந்த ஒரு கல். ஆசிரியை எங்களை ஒவ்வொருவராக அந்தக் குழியில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். பிளேக் நோய் பற்றி ஏதோ சொன்னார், வினிகர் என்ற சொல் மட்டும் மனதில் நிற்கிறது.

மூன்றாவது, 1976 கோடையில் தண்ணீர் வற்றிய ஓர் ஏரிக்கு அப்பா கூட்டிப்போனார். வெடித்த சேற்றுக்கு நடுவில் வீட்டுச் சுவர்களின் அடிப்பாகம் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, தான் இளம்வயதில் அந்தத் தண்ணீருக்கு மேலே தேவாலயக் கோபுரம் மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்திருப்பதாகச் சொல்வார். எங்களைப் பயமுறுத்தச் சொன்ன கதையா, நடந்ததா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த ஊர்ப் பழைய புகைப்படங்கள், பள்ளிப் பதிவேடுகள் எங்கே பார்க்கலாம் என்றும் சொன்னால் பெரிய உதவி.

வடலிக்காற்று:

அக்கா, உங்கள் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இப்போது பேக்வெல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன பூப்படத்துக்கு இங்கே வெல் டிரெஸ்ஸிங் என்று பெயர், எங்கள் ஊரில் அதற்குப் பூ ஒட்டும் வேலைக்கு ஒவ்வொரு வருசமும் போகிறேன், பிள்ளைகளும் வருவார்கள். அதனால் அது எப்படிச் செய்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன், வரலாற்றை வேறு ஆட்கள் சொல்லட்டும்.

முதலில் மரச்சட்டத்தைக் குளத்திலோ ஆற்றிலோ சில நாள் ஊறப் போடுவார்கள். காய்ந்த மரத்தில் களிமண்ணை அப்பினால் மரம் ஈரத்தை உறிஞ்சிவிடும், மண் வெடித்துப் படமே போய்விடும். மண் பிடித்து நிற்பதற்காகப் பலகை முழுக்க ஆணி அடித்திருக்கும். களிமண்ணோடு தண்ணீரும் உப்பும் சேர்த்துக் காலால் மிதித்துக் குழைக்கிறதுதான் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. உப்பு சேர்த்தால் ஈரம் கனநேரம் நிற்கும். பிறகு முழு அளவில் வரைந்த தாளை மண்மேல் விரித்து, கோட்டின் வழியே ஊசியால் குத்திக்கொண்டு போவோம், தாளை எடுத்தால் மண்ணில் புள்ளிப் புள்ளியாகப் படம் இருக்கும். அந்தக் கோட்டில் ஆல்டர் மரத்தின் சின்னக் கறுப்புக் காய்களைப் பதிப்போம், சில ஊர்களில் கோப்பிக்கொட்டை, மிளகு.

அதற்குப் பிறகுதான் இதழ். எப்போதும் கீழே இருந்து மேலே போக வேண்டும், ஓடு வேய்கிறது போல மேல் இதழ் கீழ் இதழின் தலையை மூட வேண்டும், அப்போதுதான் மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஓடும், உள்ளே போகாது. நீங்கள் சொன்ன நீல ஆகாயம் ஹைட்ரேஞ்சியா இதழாகத்தான் இருக்கும், அதற்காக ஊரில் எல்லார் வீட்டுத் தோட்டத்திலும் கேட்டு வாங்குவார்கள். கடைசி இரண்டு நாளும் இரவிரவாக வேலை நடக்கும், இதழ் முன்னமே ஒட்டினால் வாடிவிடுமே. இவ்வளவு பாடுபட்டும் ஒரு கிழமைதான் அது வடிவாக இருக்கும். பிறகு மண்ணைச் சுரண்டிக் கொட்டிவிட்டுப் பலகையை அடுத்த வருசத்துக்கு எடுத்து வைப்பார்கள். எண்பது வயதுக்காரரும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே பலகைக்கு முன்னால் குனிந்து நின்று ஒன்றும் கதைக்காமல் இதழ் ஒட்டுகிறதை வேறு எங்கேயும் நான் காணவில்லை. வந்த புதிதில் எனக்கு இந்த ஊரில் ஆட்கள் கிடைத்ததே அந்தப் பலகைக்கு முன்னால்தான்.

பழைய வரைபடம்:

நெல்லிமரம் அவர்களுக்கு, நான் டெர்பியில் குடிநீர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் இது எனக்கு நெருக்கமான விஷயம்.

சுற்றுலாப் பிரசுரங்களில் இது கிறிஸ்தவத்துக்கு முந்தைய நீர்த்தெய்வ வழிபாடு என்று எழுதியிருப்பார்கள். அழகான கதைதான், ஆனால் அதற்கு எழுத்துச் சான்று கிடையாது. டிஸ்ஸிங்டன் என்ற ஊர்தான் மூத்தது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஊரிலேயே இரண்டு கதை உண்டு. 1348-49இல் பெரிய கொள்ளைநோய் வந்தபோது சுத்தமான ஊற்றுநீரால் ஊர் தப்பியது, அதற்கு நன்றி என்பது ஒன்று. 1615இல் கடும் வறட்சி வந்தபோதும் ஊற்று வற்றவில்லை, அதற்கு நன்றி என்பது இன்னொன்று. எழுத்தில் பார்த்தால் 18ஆம் நூற்றாண்டில்தான் ஊற்றுகளுக்கு மாலை சூட்டிய செய்தி வருகிறது. களிமண் பலகையில் படம் செய்வது 19ஆம் நூற்றாண்டின் பழக்கம்.

எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற ஊர்கள் எப்போது தொடங்கின என்பது. வர்க்ஸ்வொர்த்தில் குழாய்த் தண்ணீர் வந்தது 1827இல், உடனே குழாய்களுக்கு அலங்காரம். யூல்கிரேவில் 1829, அங்கே ஊர்ப் பெண்கள் சங்கம் முன்கை எடுத்துத் தண்ணீரைக் குழாயில் ஊர் நடுவில் உள்ள கல்தொட்டிக்குக் கொண்டுவந்தது. பக்ஸ்டனில் 1840, டெவன்ஷையர் பிரபு சந்தைத் திடலுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததை ஒட்டி. இது சுண்ணாம்புக்கல் பூமி, பெய்கிற மழை வெடிப்புகள் வழியாகக் கீழே இறங்கிவிடும், மேட்டில் இருக்கும் ஊருக்குத் தண்ணீர் பெரிய பாடு. பள்ளத்தில் இறங்கிக் குடத்தில் சுமந்து ஏறிய பெண்களின் ஊரில் வாசலுக்குப் பக்கத்தில் குழாய் வந்தால் அதற்குப் பூ வைக்காமல் என்ன செய்வார்கள்? தண்ணீர் வந்த வருடத்தை ஊரே மறக்காமல் வைத்திருக்கிறது, அதற்கு எந்தப் புராதன தெய்வமும் தேவையில்லை. யூல்கிரேவ் இன்றைக்கும் ஊர்க்காரர்களே நடத்தும் சொந்தத் தண்ணீர் நிறுவனம் வைத்திருக்கிறது, பிரிட்டனில் இது மிக அபூர்வம்.

உங்கள் குழிக்கல் ஈம் கிராமத்தினுடையது. 1665இல் லண்டனிலிருந்து தையல்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியோடு பிளேக் வந்தது என்பார்கள், அந்த வீட்டில் தங்கியிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ்தான் செப்டம்பரில் முதலில் இறந்தவர். அடுத்த ஆண்டு கோடையில் நோய் முற்றியபோது வில்லியம் மாம்ப்பெஸ்ஸன் என்ற பாதிரியார், அவருக்கு முன்பு அங்கே பாதிரியாராக இருந்து பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லியோடு சேர்ந்து, யாரும் எல்லையைத் தாண்டக்கூடாது என்று ஊரைச் சம்மதிக்க வைத்தார். வெளியூரார் எல்லையில் உணவை வைத்துவிட்டுப் போவார்கள், ஈம் மக்கள் காசைக் கல்லின் குழியில் வினிகரில் போட்டு வைப்பார்கள், நோய் காசு வழியே போகாமல் இருக்க. மாம்ப்பெஸ்ஸன் கிணறு என்ற ஊற்றில் ஓடும் தண்ணீரிலேயே காசைப் போட்டார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டு நாட்களுக்குள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தானே புதைத்தார். மாம்ப்பெஸ்ஸனின் மனைவி கேத்தரினும் அந்த மாதமே போனார். மொத்தம் சுமார் 260 பேர். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு இன்றைக்கும் அவர்களுக்கான வழிபாடு, அதை ஒட்டித்தான் அந்த ஊரின் பூப்படமும்.

நெல்லிமரம்:

ஐயா, அந்தக் கிழமைக்குள் பிள்ளைகளையும் புதைத்த தாயின் கதையை ஆசிரியை எங்களிடம் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டது சரிதான், எங்களுக்கு அப்போது ஏழெட்டு வயது. வடலிக்காற்று, நீங்கள் எழுதியதை மகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன், இதழ் ஒட்ட வெளியாட்களையும் சேர்ப்பார்களா என்று கேட்கிறாள். கோபுரம் பற்றி யாராவது?

கல்பாலம்:

பாட்டி சொன்னது நிஜம்தான். அது லேடிபவர் நீர்த்தேக்கம், உள்ளே போனவை டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு கிராமங்கள். ஷெஃபீல்ட், டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் நகரங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்தப் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே ஹௌடன், டெர்வென்ட் என்று இரண்டு அணை கட்டியிருந்தார்கள். அவற்றைக் கட்டிய தொழிலாளர்களுக்குத் தகர வீடுகளால் பிர்ச்சின்லீ என்று ஒரு ஊரே இருந்தது, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் உண்டு, வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துவிட்டார்கள். தண்ணீர் அதற்கும் போதவில்லை. 1935இல் லேடிபவர் தொடங்கி, போர்க்காலத்திலும் நிற்காமல் நடந்து, 1945இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்தார். டெர்வென்ட் இடுகாட்டில் இருந்தவர்களைத் தோண்டி எடுத்து பாம்ஃபோர்டில் மறுபடி அடக்கம் செய்தார்கள். பழைய கல்பாலம் ஒன்றைக் கல் கல்லாகப் பிரித்து மேலே ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் பிறகு கட்டினார்கள், இப்போதும் அதன்மேல் நடக்கலாம்.

தேவாலயத்தை இடித்தபோது கோபுரத்தை மட்டும் நினைவாக விட்டு வைத்தார்கள். தண்ணீர் ஏறியதும் அது மட்டும் வெளியே தெரிந்தது. ஆட்கள் நீந்திப்போய் அதை எட்டப் பார்த்ததால் ஆபத்து என்று 1947 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஆக, சில வருடங்கள்தான் அந்தக் காட்சி இருந்தது, பாட்டி அந்த வருடங்களில் பார்த்திருக்கிறார். 76இல் உங்களுக்குச் சுவர்கள் மட்டும் தெரிந்ததற்கும் அதுவே காரணம். அந்த வருடம் வறட்சிக்கென்றே டெனிஸ் ஹவல் என்பவரை அமைச்சராகப் போட்டார்கள், போட்ட சில நாளிலேயே மழை பிடித்துக்கொண்டது. 1995, 2018, 2022 வறட்சிகளிலும் இடிபாடுகள் வெளியே வந்தன. அப்போதெல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து சேற்றில் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு, மகளிடம் சொல்லி வையுங்கள், கரையிலிருந்தே பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த மலைக்கு ஒரு பக்கம் குழாய்த் தண்ணீர் வந்ததற்காக இருநூறு வருடமாகப் பூ வைக்கிறார்கள், இன்னொரு பக்கம் பட்டணத்துக் குழாய்களுக்காக இரண்டு ஊர் முழுகிப் போனது. ஷெஃபீல்டில் உங்கள் மகள் குழாயைத் திறக்கும்போது இந்த இரண்டு பேர் கதையும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பழைய வரைபடம்:

புகைப்படம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "பிக்சர் த பாஸ்ட்" என்று ஒரு இணையதளம் இருக்கிறது, டெர்பிஷையர், நாட்டிங்ஹாம்ஷையர் நூலகங்களின் பழைய படங்களை ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடலாம், டெர்வென்ட் கோபுரமும் இருக்கும். பள்ளிப் பதிவேடுகளுக்கு மேட்லாக்கில் உள்ள டெர்பிஷையர் ஆவணக் காப்பகம், பள்ளியின் பெயரும் வருடமும் தயாராக வைத்துக்கொண்டு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மாணவர் பெயர் உள்ள சமீபகாலப் பதிவுகளைப் பொதுவில் காட்ட மாட்டார்கள், ஆனால் உங்கள் சொந்தப் பதிவை நீங்கள் கேட்கலாம்.

வடலிக்காற்று:

வெளியாட்களைச் சேர்ப்பார்களா என்று மகள் கேட்டதற்கு: பல ஊர்களில் சேர்ப்பார்கள் அக்கா, கூச்சப்படாமல் போய்க் கேட்கச் சொல்லுங்கள், கை ஆள் எப்போதும் குறைவுதான். டிஸ்ஸிங்டனில் ஈஸ்டர் கழித்து நாற்பதாம் நாள் வரும் வியாழன், அசென்ஷன் நாள். வர்க்ஸ்வொர்த் மே கடைசியில், யூல்கிரேவும் டைட்ஸ்வெல்லும் ஜூனில், பக்ஸ்டன் ஜூலையில், ஈம் ஆகஸ்ட் கடைசியில். படம் திறக்கிற நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னமே வரவேண்டும், நகத்துக்குள் களிமண் போகும், பழைய உடுப்பு போட்டு வரட்டும்.