குவாலிஃபையிங் ஆடி வந்த பொண்ணு யுஎஸ் ஓபன் ஜெயிச்சது லக்கா? அப்புறம் எம்மா எந்த ஊர்க்காரின்னு ஏன் இவ்ளோ சண்டை?

ராத்திரிக்குருவி (செப்டம்பர் 2021)

மக்களே ரெண்டு டவுட்டு, டென்னிஸ் தெரிஞ்சவங்க கொஞ்சம் வந்து சொல்லுங்க. நான் வருஷத்துக்கு ஒரு விம்பிள்டன் ஃபைனல் பாத்தா பெருசுங்கற கேஸு. இந்த தடவை யுஎஸ் ஓபன் பொண்ணுங்க ஃபைனல் மட்டும் நடுராத்திரி முழிச்சிருந்து பாத்தேன், எம்மா ராடுகானு, 18 வயசு, லேலா ஃபெர்னாண்டஸ 6-4, 6-3ன்னு முடிச்சு விட்டுட்டா. ரேங்க் 150ஆம், குவாலிஃபையிங் ஆடித்தான் உள்ளயே வந்தாளாம். ஆபீஸ்ல ஒருத்தர் கிட்ட சொன்னா "பெரிய தலைங்க எல்லாம் முன்னாடியே அவுட்டு, டிரா (யாரு யாரோட மோதணும்ங்கற அட்டவணை) தொறந்து கிடந்துச்சு, சும்மா நடந்து போய் கப்ப எடுத்துக்கிட்டா"ங்கறாரு. உண்மையா?

ரெண்டாவது டவுட்டு. இங்கிலாந்துக்காரங்க எங்க பொண்ணுங்கறாங்க, கனடாக்காரங்க எங்க ஊர்ல பொறந்தவங்கறாங்க, ருமேனியாவுல கொண்டாட்டம், சீனாவுல அதுக்கு மேல. அந்தப் பொண்ணு நிஜமா எந்த ஊருதாங்க?

பேஸ்லைன்_பாண்டி

ரெண்டாவது கேள்விக்கு வேற யாராச்சும் வருவாங்க, நான் முதல் கேள்விய எடுத்துக்கறேன், ஏன்னா இந்த "டிரா தொறந்து கிடந்துச்சு" டயலாக்க கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு.

மெயின் டிரால 128 பேரு. அதுல 16 இடம் குவாலிஃபையருக்கு. அந்த 16 இடத்துக்கு முந்தின வாரமே இன்னொரு 128 பேரு அடிச்சுக்குவாங்க, ஆளுக்கு மூணு மேட்ச் ஜெயிச்சாதான் உள்ள வரவே முடியும். எம்மா அந்த மூணையும் ஜெயிச்சு, அதுக்கப்புறம் ஏழு மேட்ச் ஜெயிச்சு, ஆக மொத்தம் பத்து மேட்ச் இருபது செட்டு, அதுல ஒரு செட்டு கூட விடல. டை பிரேக்குக்கு கூட ஒரு செட்டு போகல ப்ரோ. குவாலிஃபையிங் முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பறதுக்கு ஃப்ளைட் டிக்கெட் போட்டு வச்சிருந்த பொண்ணு இது.

1968ல ஓபன் எரா (காசுக்கு ஆடற ப்ரோ ஆளுங்களும் பெரிய போட்டிகள்ல ஆடலாம்னு ஆன காலம்) ஆரம்பிச்சதுலேர்ந்து ஆம்பளையோ பொம்பளையோ எந்த குவாலிஃபையரும் கிராண்ட் ஸ்லாம் சிங்கிள்ஸ் ஜெயிச்சதே கிடையாது. ஜெயிக்கறத விடுங்க, ஃபைனலே வந்ததில்ல. ஜான் மெக்கன்ரோ 1977 விம்பிள்டன்ல குவாலிஃபையரா வந்து செமி வரைக்கும் போனாரு, போன வருஷம் ஃபிரெஞ்ச் ஓபன்ல அர்ஜென்டினா பொண்ணு போடொரோஸ்கா செமி போனாங்க, அவ்ளோதான் எல்லை. மெக்கன்ரோவாலயே முடியாதத நடந்து போய் எடுத்துட்டாளாம், உங்க ஆபீஸ்காரர ஒரே ஒரு மேட்ச் அப்படி நடக்கச் சொல்லுங்க பாப்போம்.

ஸ்கோர பாருங்க. சொரிபெஸ் டோர்மோன்னு ஒரு ஸ்பெயின் பொண்ணு, எந்தப் பந்தையும் விடாம திருப்பித் திருப்பி அடிச்சு எதிராளி உயிர வாங்கற ரகம், அவங்கள 6-0, 6-1. ஷெல்பி ராஜர்ஸ் முந்தின ரவுண்டுலதான் நம்பர் ஒன் ஆஷ் பார்ட்டிய அனுப்பி வச்சுட்டு வந்தாங்க, அவங்களுக்கு 6-2, 6-1. பென்சிச் டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வாங்கி ஆறு வாரம் கூட ஆகல, 6-3, 6-4. செமியில சக்காரி 6-1, 6-4.

எனக்கு ரொம்பப் புடிச்சது இந்த ஒண்ணுதான். ஆகஸ்ட் ஆரம்பத்துல சான் ஹோசேல ஷாங் ஷுவாய் கிட்ட முதல் ரவுண்டுலயே தோத்தா. அதே ஷாங் ஷுவாய் ஒரு மாசம் கழிச்சு யுஎஸ் ஓபன் ரெண்டாவது ரவுண்டுல எதிர்ல நிக்கறாங்க, இந்த தடவை 6-2, 6-4ன்னு எம்மா ஜெயிக்கறா. நடுவுல என்ன பண்ணான்னா சின்ன சின்ன டோர்னமென்ட்டா ஆடிக்கிட்டே இருந்தா, சிகாகோல ஒரு 125 லெவல் (பெரிய டூருக்கு ஒரு படி கீழ) போட்டியில ஃபைனல் வரைக்கும் போய் கிளாரா டவ்சன் கிட்ட தோத்தா. அதாவது நியூயார்க் வர்றதுக்குள்ள கை சூடாகிடுச்சு. குவாலிஃபையிங்ல மூணு மேட்ச் அதே கோர்ட்டு அதே பந்துல ஆடினதும் சேந்துக்கிச்சு.

ஆட்டத்துல என்ன ஸ்பெஷல்னா செகண்ட் சர்வ் வந்தா பேஸ்லைனுக்கு உள்ள ஏறி வந்து நிக்கறா. பந்து எழும்புறதுக்குள்ள அடிச்சுடறா. எதிராளி சர்வ் முடிச்சு கால ஊணறதுக்குள்ள பந்து திரும்ப அவங்க காலடியில. பேக்ஹேண்ட் டவுன் த லைன் பத்தி எழுதுனா இன்னொரு பக்கம் ஆகும்.

சீடு_முளைக்கல

பாண்டி அண்ணே உணர்ச்சிவசப்படாதீங்க. டாப் டென் ஆளு ஒருத்தரையாவது சந்திச்சாளா? இல்ல. பார்ட்டிய ராஜர்ஸ் அடிச்சாங்க, ஒசாகாவையும் சபலென்காவையும் லேலா அடிச்சா. எதிர்ல வந்த பெரிய சீடுன்னா (ரேங்க வச்சு டோர்னமென்ட்டுல குடுக்கற வரிசை நம்பர்) பென்சிச் 11, சக்காரி 17. லக்கே இல்லன்னு சொல்றது கொஞ்சம் ஓவர்.

நான் அந்தப் பொண்ண குறை சொல்லல, நல்லா ஆடினா. ஆனா ஜூன்ல நாட்டிங்ஹாம்ல முதல் டபிள்யூடிஏ (பொண்ணுங்களோட ப்ரோ டூர்) மெயின் டிரா மேட்ச் ஆடி தோத்தவ, செப்டம்பர்ல ஸ்லாம் சாம்பியன். அடுத்த வருஷம் ஒவ்வொருத்தியும் இவ ஆட்டத்த வீடியோ போட்டு பாத்துட்டு வருவா, முழு சீசன் உடம்பு தாங்கணும். விம்பிள்டன் நாலாவது ரவுண்டுல மூச்சு விட முடியாம பாதியில வெளிய போனது நடந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. அப்ப பாப்போம்.

பேஸ்லைன்_பாண்டி

பெரிய சீடு வரலைன்னா அவங்கள அடிச்சவங்க வந்தாங்க இல்ல? பார்ட்டிய அடிச்ச ராஜர்ஸ், ஒசாகாவையும் கெர்பரையும் ஸ்விடோலினாவையும் சபலென்காவையும் வரிசையா அடிச்ச லேலா, ரெண்டு பேரும் எம்மா கையாலதான் வெளிய போனாங்க. டிராவ அவளா போட்டா? எதிர்ல நிறுத்துற ஆளத்தானே ஆட முடியும். இன்னொண்ணு, கிராண்ட் ஸ்லாம் ஃபைனல்ல ரெண்டு பேருமே சீடு இல்லாதவங்கறது ஓபன் எரால இதுதான் முதல் தடவை, அதனால "பெரிய சீட அடிச்சியா"ங்கற கணக்கே இந்த டோர்னமென்ட்டுக்கு ஒட்டாது.

உடம்பு விஷயம் ஒத்துக்கறேன். அது எனக்கும் பயம்தான்.

தேம்ஸ்காரி

நான் இருக்கறது தென்கிழக்கு லண்டன், எம்மா வளந்த பிராம்லி பக்கம். ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

அப்பா ருமேனியா, புக்கரெஸ்ட். அம்மா சீனா, ஷென்யாங். ரெண்டு பேரும் ஃபைனான்ஸ் துறை. பொண்ணு பொறந்தது டொரான்டோ, 2002 நவம்பர். ரெண்டு வயசுல லண்டனுக்கு கூட்டிட்டு வந்துட்டாங்க. இதுல ஒளிவுமறைவே கிடையாது, அவளோட ட்விட்டர் பக்கத்துல லண்டன், டொரான்டோ, ஷென்யாங், புக்கரெஸ்ட்னு நாலு ஊரையும் வரிசையா போட்டு வச்சிருக்கா. நாம உக்காந்து சண்டை போடறோம், அவ நாலையும் எழுதிட்டு போயிட்டா.

எங்க ஏரியா தமிழ் அம்மாக்களுக்கு இவள முதல்ல தெரிஞ்சதே டென்னிஸால இல்ல, ஸ்கூலால. நியூஸ்டெட் வுட் கிராமர் ஸ்கூல், லெவன் பிளஸ்ங்கற நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ள போகணும், நம்மாளுங்க நாலாம் கிளாஸ்லேர்ந்தே ட்யூஷன் வச்சு புள்ளைங்கள தயார் பண்ணுவாங்க. அதே ஸ்கூல்ல படிச்சு இந்த வருஷம் ஏ லெவல்ல (நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரி) கணக்குல ஏ ஸ்டார், எகனாமிக்ஸ்ல ஏ. விம்பிள்டன் நாலாவது ரவுண்டு ஆடினவளுக்கு அடுத்த மாசம் ரிசல்ட்டு வருது! கப்பு ஜெயிச்ச அன்னிக்கு வாட்ஸப் குரூப்புல ஒருத்தி கூட பேக்ஹேண்ட பத்தி பேசல, அந்த ஏ ஸ்டார பத்திதான் பேச்சு. அம்மா கறாரான ஆளுங்கறது அவ பேட்டிகள்லயே தெரியும், ஒழுங்கு, கட்டுப்பாடு எல்லாம் அம்மா கிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு சொல்றா. அவளுக்குப் புடிச்ச ஆட்டக்காரிங்க யாருன்னு பாத்தா ஒண்ணு சீனாவோட லீ நா, இன்னொண்ணு ருமேனியாவோட சிமோனா ஹாலெப். வீட்டுல ரெண்டு பக்கமும் எப்படி கலந்திருக்குன்னு இதுக்கு மேல சொல்லத் தேவையில்ல.

ஜெயிச்சதும் சீன ரசிகர்களுக்கு மாண்டரின்லயே நன்றி சொல்லி வீடியோ போட்டா. புக்கரெஸ்ட்ல பாட்டி இருக்காங்க, சின்ன வயசுலேர்ந்து லீவுக்கு போய் வந்தவ, ருமேனிய மொழியும் பேசுவா. ஆனா இங்கிலீஷ்ல வாயத் தொறந்தா அச்சு அசல் லண்டன் பொண்ணு.

ஒரு விஷயம் மட்டும் எரிச்சலா இருக்கு. குடியேற்றத்த எதிர்த்துப் பேசற பிரிட்டிஷ் அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் வாழ்த்து ட்வீட் போட்டாரு. 2014ல ஒரு ரேடியோ பேட்டியில பக்கத்து வீட்டுக்கு ருமேனிய ஆம்பளைங்க குடி வந்தா கவலைப்படணும்ங்கற மாதிரி பேசினவரு. அவளோட அப்பாவும் பக்கத்து வீட்டு ருமேனியாக்காரர்தானே சார்? ட்வீட்டுக்கு கீழ ஜனங்க அத எடுத்துப் போட்டு வறுத்து எடுத்துட்டாங்க. கப்பு இல்லாம இருந்திருந்தா இதே குடும்பத்துக்கு என்ன பேரு வச்சிருப்பாங்கன்னு இந்த ஊர்ல இருக்கற நமக்கெல்லாம் தெரியும்.

நெட்_கார்டு

எல்லாரும் எம்மாவ பத்தியே பேசறீங்க, லேலா பாவம். அவளும் இதே கதைதான். மான்ட்ரியல்ல பொறந்தவ, அப்பா ஈக்வடார், அம்மா பக்கம் பிலிப்பைன்ஸ் வம்சம். டோர்னமென்ட்டு நடுவுலதான் 19 வயசு முடிஞ்சுது. ஃபைனல் தோத்து கண்ணுல தண்ணியோட நின்னவ, அன்னிக்கு செப்டம்பர் 11, இரட்டைக் கோபுரத் தாக்குதலோட இருபதாவது வருஷம், திரும்ப மைக்க கேட்டு வாங்கி நியூயார்க் மக்கள் மாதிரி நானும் தாக்குப்பிடிச்சு எழணும்னு பேசினா பாருங்க, எனக்கு அதுதான் மனசுல நின்னுச்சு.

அப்புறம் ரெண்டாவது செட்டு கடைசியில நடந்தது. 5-3, எம்மா சர்வ், சறுக்கிப் போய் முழங்கால் கிழிஞ்சு ரத்தம். ஸ்கோர் 30-40, லேலாவுக்கு பிரேக் பாயிண்ட், அதாவது அடுத்த பாயிண்ட்ட எடுத்தா எம்மா சர்வ் பண்ற கேம லேலா தட்டிடுவா. ரத்தம் வந்தா கட்டு போடாம ஆடக்கூடாதுன்னு ரூலு, அதனால ஆட்டம் நின்னுச்சு, லேலா கடுப்பாகி அதிகாரி கிட்ட போய் பேசினா. அவ எடத்துல யாரா இருந்தாலும் கடுப்பாகத்தான் செய்யும், வேகம் கூடி வர்ற நேரத்துல பிரேக்க போட்ட மாதிரி. திரும்பி வந்து எம்மா அந்த பிரேக் பாயிண்ட்ட காப்பாத்தி, கடைசிப் பாயிண்ட்டுக்கு ஏஸ் போட்டு முடிச்சா. கால்ல கட்டோட.

எந்த ஊருன்னு கேட்ட தம்பிக்கு, இதே யுஎஸ் ஓபன்ல ஃபைனலுக்கு முந்தின நாள் ஆம்பளைங்க டபுள்ஸ் ஜெயிச்ச ராஜீவ் ராம் டென்வர்ல பொறந்த அமெரிக்கர். அவர நம்ம ஆளுன்னு நாமளும்தானே ஸ்டேட்டஸ் போட்டோம். அவரு ஆடறது அமெரிக்காவுக்கு. ருமேனியாக்காரங்க பண்ணறதும் அதேதான், அதுல தப்பு என்ன இருக்கு.

ராத்திரிக்குருவி

செம்ம மக்களே. அந்த 30-40 நேரத்துல நான் தண்ணி குடிக்க எழுந்து போயிட்டேன், வந்து பாத்தா கட்டு போட்டுக்கிட்டு இருந்தாங்க, என்னன்னே புரியல, இப்பதான் புரியுது. பாண்டி அண்ணன் குடுத்த இருபது செட்டு கணக்க ஆபீஸ்ல வாசிச்சுக் காட்டினேன், அதுக்கு அவரு "எதிர்ல செரீனா இருந்தாங்களா"ங்கறாரு. அவங்க காயத்தால இந்த வருஷம் ஆடவே வரலன்னு சொன்னா "அதான் சொல்றேன்"ங்கறாரு. விட்டுட்டேன்.

தேம்ஸ்காரி அக்கா, ஒரு கேள்வி. கனடாவுல பொறந்துட்டு இங்கிலாந்துக்கு எப்படி ஆடறா?

தேம்ஸ்காரி

கனடா, பிரிட்டன் ரெண்டு குடியுரிமையும் இருக்கு தம்பி. ஆட்டம் கத்துக்கிட்டது, ஜூனியர்லேர்ந்து ஆடினது எல்லாம் இங்கதான், டென்னிஸ் சங்கம் கைகொடுத்ததும் இங்கதான், அதனால பிரிட்டன். கனடாவுக்கு அதுல பெரிய நஷ்டம் இல்ல, 2019ல இதே யுஎஸ் ஓபன ஜெயிச்ச பியான்கா அன்ட்ரெஸ்குவும் 19 வயசுதான், மிசிசாகால பொறந்தவங்க, அப்பா அம்மா ருமேனியாக்காரங்க. ருமேனியாக்காரங்களுக்குத்தான் பாவம், ரெண்டு கப்பும் கையில சிக்காம வெளிய போயிடுச்சு.

சீடு_முளைக்கல (2025)

பழைய த்ரெட்ட தோண்டி எடுக்கறேன், அட்மின் திட்டாதீங்க. உடம்பு தாங்கணும்னு நான் அன்னிக்கு போட்டத யாரோ மேற்கோள் காட்டி இன்னிக்கு எனக்கு அனுப்பி வச்சாங்க. சந்தோஷமா எல்லாம் இல்ல. 2022 யுஎஸ் ஓபன் முதல் ரவுண்டுல கோர்னே கிட்ட தோத்து ரேங்க் 11லேர்ந்து 83க்கு விழுந்துச்சு, 2023ல ரெண்டு மணிக்கட்டுலயும் ஒரு கணுக்கால்லயும் ஆபரேஷன், கோச்சு மேல கோச்சா மாத்தினா. அந்த கப்பு ஜெயிச்சுக் குடுத்த ஆண்ட்ரூ ரிச்சர்ட்சனையே ரெண்டு வாரத்துல அனுப்பிட்டாங்க, அது எனக்கு இன்னும் புரியல.

ஆனா இந்த வருஷம் மயாமியில குவார்ட்டர் வரைக்கும் வந்தா, பெகுலா கிட்ட மூணு செட்டு போராடி தோத்தா. ரெண்டாவது செட்டு டை பிரேக் பாத்தீங்களா யாராச்சும்?

பேஸ்லைன்_பாண்டி

பாத்தேன் பாத்தேன். செகண்ட் சர்வுக்கு மறுபடியும் உள்ள ஏறி நிக்கறா. மூணாவது செட்டுல உடம்புல பெட்ரோல் இல்ல, அதான் 6-2. ரிச்சர்ட்சன் விஷயத்துல நானும் உன் கட்சிதான், ஆனா அதுக்கு தனி த்ரெட்டு போடு, இங்க வேணாம்.